கன்னத்தில் ஒதுக்கிய பாலன்

மூன்று ராஜாக்கள் திருநாளன்று ரொட்டி வெட்டும்போது எங்கள் பேட்டைப் பெண்களைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்கப் பந்திக்கு முந்துகிறவர்கள் அன்று மட்டும் அந்தப் பந்தியையே படையாக நினைத்துப் பிந்துவார்கள். "எனக்கு மெல்லிசா ஒரு துண்டு போதும், சர்க்கரை வியாதி" என்பார்கள். வியாதி எல்லாம் சும்மா. அந்த வளைய ரொட்டிக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு பாலன் பொம்மை, குழந்தை ஏசு, ஒளிந்திருக்கிறான். அவன் யார் துண்டில் அகப்படுகிறானோ, அவர் வீட்டில்தான் பிப்ரவரி மாதம் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு எல்லோருக்கும் தமால் விருந்து. சோள மாவைப் பிசைந்து, உள்ளே கறியும் மிளகாய்க் குழம்பும் வைத்து, சோள மட்டையில் மடித்து, அண்டா அண்டாவாக அவிக்க வேண்டும். வாசலை விரியத் திறந்து வைத்து, வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். இதற்குப் பயந்து பாலனை அப்படியே விழுங்கியவர்கள் எங்கள் அத்லிஸ்கோ ஊரில் உண்டு. பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றும்போது அவன் மேலே வந்து மாட்டிக்கொண்டவளும் உண்டு.

எர்மிலா அந்த ரகம் இல்லை. தமாலுக்கு மாவு பிசைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முன்பெல்லாம் பாலன் தன் துண்டில் வர வேண்டும் என்று தடிமனான துண்டாகப் பார்த்து எடுப்பாள். இந்த வருஷம் அவளும் மெல்லிய துண்டைத்தான் எடுத்தாள். ஆனால் வேண்டாம் என்கிறவர்களைத்தானே வருகிறவன் தேடி வருவான். இரண்டாம் கடியிலேயே பல்லில் ஏதோ கல் மாதிரி இடறியது.

மாலைப் பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் ஜெபமாலைச் சபைப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எர்மிலா ஒன்றும் யோசிக்கவில்லை. நாக்கு தானாகப் புரண்டு பாலனைக் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கியது. சூடான சாக்லேட்டை ஒரு வாய் குடித்தாள். பாவம் செய்ய நேரம் காலம் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு வாய் சாக்லேட் குடிக்கிற நேரம் போதும்.

ரொட்டி தீர்ந்துவிட்டது. பாலனைக் காணோம். முதலில் எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கைக்குட்டைகளை உதறச் சொன்னார்கள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பிறகு எல்லோருடைய கண்ணும் தெல்ஃபினாவின் பக்கம் திரும்பியது. கோயில் தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள் தெல்ஃபினா. அந்த ரொட்டியை அவள்தான் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

ருதீலியாவுக்கு நாக்கில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும். அவள் சொன்னாள். "பாலனை உள்ள வைக்காமலே சுட்டுட்டியா தெல்ஃபினா? ராஜாக்கள் அவ்வளவு தூரத்துலருந்து வந்து வெறும் தொட்டிலப் பாத்துட்டுப் போகவா?"

கூடமே சிரித்தது. தெல்ஃபினாவும் சிரித்தாள். பிறகு அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "வெச்சேனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எர்மிலா அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. வாய்க்குள் பாலன் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போகிற வழியில், தெருவிளக்குக்கு எட்டாத ஒரு சுவரோரம் நின்று பாலனை உள்ளங்கையில் துப்பினாள். வெள்ளைக் களிமண்ணில் செய்த பொம்மை. கைகளை விரித்துப் படுத்திருந்தான். அதைத் துடைத்து ஜெபமாலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தமாலுக்காக இல்லை. தமாலுக்கு அவள் பயப்படுவாளா? வீட்டுக்குள் ஆட்கள் வரக்கூடாது, அவ்வளவுதான். அவள் வீட்டின் பின்னறையில் அவள் மகன் எலிசேயோ இருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்பே புயேப்லா சிறையிலிருந்து விடுதலையாகி, ஒரு மாலை தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றான். அன்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியவள்தான். அதன்பின் அந்தக் கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு அவள் யாருக்கும் திறக்கவில்லை. தெருமுனைக் கடையில் தோசை போன்ற சோள ரொட்டியை வழக்கமான எண்ணிக்கைக்கே வாங்குவாள். மகனுக்கு வேண்டியதை வேறு பேட்டைக்குப் போய் வாங்கி வருவாள். வயிறு ஒன்று கூடினால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

எலிசேயோ செய்தது சின்னத் தப்பு இல்லை. சந்தை வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். குவாதலூப்பே மாதா திருநாளில் குடித்துவிட்டு வேனை எடுத்தான். வளைவில் அது உருண்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் இதே பேட்டைக்காரர்கள். மற்றவர்கள் காயத்தோடு தப்பித்தார்கள். ருதீலியாவின் புருஷன் ஹசிந்தோவுக்கு மட்டும் ஒரு கால் முழங்காலோடு போயிற்று. அவன் சிறையில் இருந்த அத்தனை வருஷமும் ருதீலியாவும் எர்மிலாவும் ஒரே சபையில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதே அருள்நிறை மரியே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பாதியைச் சொல்ல மற்றவள் மீதியைச் சொல்வாள். ஆனால் முகம் பார்த்துப் பேசியதில்லை.

மெழுகுவர்த்தித் திருநாள் கழிந்ததும் மகனைத் தொலைவில் மொந்தெர்ரேயில் இருக்கிற தன் தம்பியிடம் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவது என்பது எர்மிலாவின் திட்டம். அவன் வந்ததும் யாருக்கும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது. இன்னும் சில வாரங்கள்தான். அதற்குள் போய் இந்தப் பாலன் ஊரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரப் பார்க்கிறான்.

அடுத்த நாட்களில் ரொட்டி விஷயம் பேட்டைக்குப் பெரிய வேடிக்கை ஆயிற்று. தெல்ஃபினாவின் கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் "இதுலயாவது மாவு போட்டியா?" என்று கேட்டார்கள். கேலிதான். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எர்மிலாவும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கேலி இரண்டு வாரத்தில் பழசாகிவிடும், அதன்பின் அடுத்த கேலி வந்துவிடும்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் தெல்ஃபினாவே வந்து கதவைத் தட்டினாள்.

எர்மிலா முதலில் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அந்த இடைவெளியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். இவர்கள் வெறும் சிநேகிதிகள் இல்லை. எலிசேயோவைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவள் தெல்ஃபினா. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரை ஒருவர் இங்கே கொமாத்ரே என்று கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு படி மேல் அந்த உறவு.

"உள்ள கூப்பிட மாட்டியா கொமாத்ரே? காத்து வெட்டுது" என்றாள் தெல்ஃபினா.

"தரை கழுவி விட்டிருக்கேன். ஈரம்."

தெல்ஃபினா அவள் காலைப் பார்த்தாள். காய்ந்த செருப்பு. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஊருக்கு மேலே நிற்கிற எரிமலை அன்று கொஞ்சம் சாம்பல் தூவியிருந்தது. அது அவள் தலைமுடியில் மாவு போல ஒட்டியிருந்தது.

"சரி, இங்கயே சொல்றேன். எங்கம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

எர்மிலாவுக்கு ஞாபகம் இருந்தது. தெல்ஃபினாவின் அம்மா முதலில் உப்பை இரண்டு தரம் போட்டாள். அப்புறம் அடுப்பை அணைக்க மறந்தாள். கடைசியில் மகளையே யார் என்று கேட்டாள். போடாத உப்பைப் போட்டேன் என்று குழந்தைகள் மேல் சத்தியம் பண்ணுவாள்.

"அன்னைக்குப் பாலனை வெச்சது என் கண்ணுக்குள்ளயே இருக்கு" என்றாள் தெல்ஃபினா. "மாவுல கட்டைவிரலால குழி பண்ணேன். குப்புறப் படுக்க வெச்சேன். மேல மாவை இழுத்து மூடினேன். ஆனா ரொட்டிக்குள்ள அவன் இல்ல. அப்ப நான் கண்ணுக்குள்ள பாக்குறது என்னது எர்மி? எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் வந்துச்சு. அடுப்பு வேலைய அண்ணன் பொண்ணுகிட்டக் குடுத்துட்டேன். நெருப்புகிட்டப் போகவே பயமா இருக்கு."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். ஜெபமாலைப் பை எர்மிலாவின் இடுப்பிலேயே இருந்தது. பின்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம் லேசாகக் கேட்டது. அவள் பதறிப்போய், அந்தச் சத்தத்தை மறைக்க வாயில் வந்ததைச் சொன்னாள்.

"வயசானா மறதி எல்லாருக்கும் வரும் கொமாத்ரே."

தெல்ஃபினா, "நீயும் அதத்தான் சொல்ற" என்றாள். பிறகு படியைக் கவனமாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள். தன் காலையே நம்பாதவளைப் போல நடந்தாள்.

எர்மிலா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது எலிசேயோ பின்னறைத் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஞானம்மாவின் குரல் ஏன் இப்படி மெலிந்துவிட்டது என்று கேட்டான். அவள் பாலனை வைத்தாளா இல்லையா, உனக்குத் தெரியுமா என்று கேட்டான். எர்மிலா பையைத் திறந்து பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

"இத எதுக்கும்மா ஒளிச்ச?"

"வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க."

"வரட்டுமே."

"ருதீலியாவும் வருவா. அவ புருஷனும் வருவான். ஊன்றுகோல ஊணிக்கிட்டு இந்த வீட்டு நடுவுல வந்து நிப்பான். உன்னைப் பாப்பான். என்னடா பண்ணுவ?"

அவன் மேசையின் விளிம்பைத் தடவினான். கோபம் இல்லாமல்தான் பேசினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் திருப்பிக் கத்தவாவது முடிந்திருக்கும்.

"ஜெயில்ல வெளியிலருந்து பூட்டுவாங்க. நீ உள்ளருந்து பூட்டுற. அங்கயாவது வெளிய விடுற தேதின்னு ஒண்ணு இருந்துச்சு. கிறிஸ்துமஸ் பூசைக்கு மணி அடிச்சப்ப போகட்டுமான்னு கேட்டேன், இப்ப வேண்டாம்னுட்ட. சரின்னு இருந்துட்டேன். ஆனா என்னை மறைக்கிறதுக்காக ஞானம்மா புத்தியத் திருடாதம்மா. அது அவங்களோடது."

அன்று சாயங்காலம் எர்மிலா முன்னறையில் குடிலுக்கு முன்னால் முட்டி போட்டாள். மெழுகுவர்த்தித் திருநாள் வரைக்கும் இங்கே குடிலைக் கலைப்பதில்லை. பாசி, சோள நார், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், பெரிய பாலன். சன்னல் திரை மூடியிருந்தது. வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாத குடில். ஜெபமாலையை எடுத்து இரண்டு மணி உருட்டினாள். மூன்றாவது மணியில் வார்த்தை நின்றுபோயிற்று. நின்றது அன்றுதான் என்றில்லை. மகன் வந்த நாளிலிருந்தே அவள் ஜெபம் இப்படித்தான் திக்கிக்கொண்டிருந்தது. பயந்து பயந்து வேண்டுகிறவளுக்கு ஒரு காது எப்போதும் கதவிலேயே இருக்கும்.

திருநாள் பூசையில் சாமியார் சொன்ன பிரசங்கம் அவள் மனதில் ஓடியது. அவர் இளைஞர், நீட்டிப் பேசத் தெரியாதவர். அதற்காகவே நாங்கள் அவரை நேசிக்கிறோம். ராஜாக்களுக்கு வழி காட்டிய விண்மீன் வந்து நின்றது அரண்மனைக்கு மேலும் இல்லை, ஆலயத்துக்கு மேலும் இல்லை, ஒரு வீட்டுக்கு மேல் என்றார். உள்ளே அடுப்பு எரிந்திருக்கும், துணி காய்ந்திருக்கும். முன்பின் தெரியாத, வேறு தேசத்து, வேறு சாமி கும்பிடுகிற ஆட்கள் வந்து தட்டினார்கள். அந்தத் தாய் பிள்ளையை மறைக்கவில்லை, காட்டினாள். இந்தத் திருநாளின் இன்னொரு பெயரான திருக்காட்சி என்றால் அவ்வளவுதான் என்றார். தினமும் ஜெபம் பண்ணுகிறோமே, அதுவும் அதேதான், நம் வீட்டில் இருப்பதை இருக்கிறபடி ஆண்டவருக்கும் அயலானுக்கும் காட்டுகிறது என்றார். அன்றைக்கு எர்மிலா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுப் போய்த்தான் பாலனைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

இப்போது அவள் களிமண் மாதாவைப் பார்த்துச் சண்டை பிடித்தாள்.

"உனக்கென்னம்மா, காட்டுவ" என்றாள் வாய்விட்டே. "உன் பிள்ளை ஒரு தப்பும் பண்ணல. வந்தவங்க பொன்னும் தூபமும் கொண்டு வந்தாங்க. என் பிள்ளை ஒரு மனுஷன் கால எடுத்துட்டு வந்திருக்கான். அவனை எப்படிக் காட்டுவேன்? பிள்ளையக் கொல்ல ஏரோது ராஜா தேடுறான்னு தெரிஞ்சப்ப நீயும்தானே ராவோட ராவா எகிப்துக்கு ஓடின?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது உறைத்தது. ஓடினாள்தான். ஆனால் கதவைத் திறந்த பிறகு ஓடினாள். தேடியவன் வாளோடு தேடினான். தன் வாசலுக்கு வந்தது யார்? தெல்ஃபினா. கையில் என்ன வைத்திருந்தாள்? ஒரு சால்வை. எர்மிலா அழுதாள். இத்தனை வாரமாகத் திக்கித் திக்கியாவது சொல்லி முடித்த ஜெபமாலைகளில் வராத அழுகை, பாதியில் நின்றுபோன அன்று வந்தது. எலிசேயோ பின்னறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், ஆனால் வரவில்லை.

காலையில் அவள் ரொட்டிக்கடைக்குப் போனாள். வாங்குகிறவர்கள் தட்டும் இடுக்கியுமாக ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ருதீலியாவும் இருந்தாள். எர்மிலாவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் தெல்ஃபினா தன் சொந்தக் கடையில் ஓரமாக ஒரு முக்காலியில், விருந்தாளி மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அண்ணன் மகள்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் எர்மிலாவால் தாமதிக்க முடியவில்லை. பாலனை எடுத்துக் கல்லாப் பலகையில் வைத்தாள்.

"நீ வெச்ச. நான் எடுத்தேன். உன் புத்திக்கு ஒண்ணும் ஆகல."

தெல்ஃபினா எழுந்து வந்தாள். பொம்மையை எடுத்து, அதன் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அன்று குழியில் வைத்தது போலவே குப்புற வைத்துப் பார்த்தாள். அவள் தோள்கள் இறங்கின. சந்தோஷம்தான் முதலில் வந்தது. கோபம் பின்னால் வந்தது, ஆனால் முழுசாக வந்தது.

"வாசல்ல நின்னு கேட்டேனே. மறதி வரும்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ராத்திரியெல்லாம் என் பேரையும் உன் பேரையும் மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தேன்டி, மறந்துடுச்சான்னு."

எர்மிலா தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிச்சுக்கோ என்று சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. அதற்குள் பின்னாலிருந்து ருதீலியாவின் ஊசி வந்து குத்தியது. "தமாலுக்கு பயந்தா இவ்வளவும்? மாவு பிசைய ஆள் வேணும்னா கேட்டிருக்கலாமே."

எர்மிலா திரும்பினாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தமாலுக்கு இல்ல ருதீலியா. உனக்கு பயந்தேன். எலிசேயோ வந்திருக்கான். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலருந்து வீட்டுலதான் இருக்கான்."

அடுப்புக்குள் விறகு வெடித்தது. ருதீலியா கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தாள். எடுத்த ரொட்டிகளோடு தட்டையும் பலகையில் வைத்தாள். வாசல் பக்கம் நடந்தாள்.

"மெழுகுவர்த்தித் திருநாளுக்கு என் வீட்டுல தமால்" என்றாள் எர்மிலா, அவள் முதுகைப் பார்த்து. "எல்லாருக்கும். உனக்கும் ஹசிந்தோவுக்கும் சேத்துத்தான்."

ருதீலியா நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

தெல்ஃபினா அண்ணன் மகளை நகர்த்திவிட்டு, கிடந்த மாவை ஒரு பிசை பிசைந்தாள்; பிறகு மேலங்கியைக்கூடக் கழற்றாமல், மாவுக் கையோடு நேராக எர்மிலாவின் வீட்டுக்கு நடந்தாள். எர்மிலா பூட்டாமல் விட்டு வந்த கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். ஞானமகனைப் பார்த்ததும் முதலில் முதுகில் ஓர் அறை விட்டாள், இத்தனை நாள் குரல் கொடுக்காமல் உள்ளே இருந்ததற்கு. பிறகு கட்டிக்கொண்டாள். அவனுடைய கறுப்புச் சட்டையில் அவள் கை பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவு ஒட்டியது. எர்மிலாவோடு மட்டும் அவள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சோள மட்டை ஊற வைக்கிறாயா என்று கேட்க வந்தாள். அத்தோடு சரியாயிற்று.

மெழுகுவர்த்தித் திருநாள் வந்தது. பெண்கள் தங்கள் வீட்டுப் பாலன்களுக்குப் புதுச் சட்டை தைத்து, கூடையில் படுக்க வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிக்கொண்டு எர்மிலாவின் வீட்டுக்கு வந்தார்கள். வருவார்களா என்று முந்தின நாளெல்லாம் அவள் தெருவை எட்டிப் பார்த்தபடியே மாவு பிசைந்தாள். வந்தார்கள். சிலர் தமாலுக்காக வந்தார்கள், சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். உள்ளதைச் சொன்னால் என்ன, இரண்டாம் வகைதான் அதிகம். சன்னல் திரையைத் தெல்ஃபினா கழற்றித் துவைக்கப் போட்டிருந்தாள். அவள் வேண்டுமென்றே செய்தாள் என்பது என் எண்ணம்.

எலிசேயோ சமையலறையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று தமால்களை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். ஒருத்தி இளைத்துவிட்டாயே என்றாள். ஒருத்தி பேசாமல் தட்டை வாங்கிக்கொண்டாள். வேனில் இருந்த ஒரு பெண், கையில் தழும்பு உள்ளவள், அவனைப் பார்த்துவிட்டு நகர்ந்து போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, இன்னொரு தமால் கேட்டாள். அவன் பெரிய தமாலாகத் தேடி எடுத்து வைத்ததை எர்மிலா பார்த்தாள். இடையிடையே வாசலையும் பார்த்தாள். சபையில் எதிரே உட்காருகிறவளை அன்று காணோம். அழைத்ததே தப்போ என்று நினைத்தாள். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள். வந்துவிடக் கூடாதா என்றும் நினைத்தாள்.

சூடான சோளக் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருக்கும்போது தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. கல் தரையில் ஒரு செருப்பு, ஒரு கட்டை, ஒரு செருப்பு, ஒரு கட்டை. எங்கள் பேட்டையில் அந்த நடை யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். பேச்சு ஒவ்வொரு வாயாக அடங்கியது. காற்றுக்காகக் கதவைச் சும்மா சாத்தியிருந்தார்கள். சத்தம் வந்து கதவுக்கு வெளியே நின்றது.

எர்மிலா எழுந்தாள். இடுக்கு வழியாகப் பார்க்கக்கூட அவளால் ஆகவில்லை. அப்போது எலிசேயோ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தான். அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து போய்க் கதவை முழுசாகத் திறந்தான்.

படிக்குக் கீழே ஹசிந்தோ ஊன்றுகோலோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ருதீலியா, நீலப் பட்டுச் சட்டை போட்ட பாலனைக் கூடையில் ஏந்திக்கொண்டு நின்றாள். எலிசேயோ இதற்காகச் சிறையில் பல வருஷம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தான். ஒன்றும் வாயில் வரவில்லை. ஹசிந்தோ அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார்.

"படி உசரமா இருக்கு" என்றார். "கை குடு."

எலிசேயோ கையை நீட்டினான். ஹசிந்தோ அதைப் பற்றி, தன் முழு பாரத்தையும் அதில் போட்டு மேலே ஏறினார். ஏறியபிறகும் கையை விடவில்லை. அவர் விடவில்லையா, இவன் விடவில்லையா என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எலிசேயோ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவர் மன்னித்துவிட்டாரா என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. எர்மிலா உள்ளே நின்ற இடத்திலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு, அன்று மூன்றாவது மணியில் நின்றுபோன ஜெபத்தைச் சொல்லி அசைந்தது.

"ரெண்டு பேரும் வாசல அடைச்சிக்கிட்டு நின்னா நான் எப்படி உள்ள வர்றது?" என்றாள் ருதீலியா பின்னாலிருந்து. "குழந்தைக்குக் குளிருது."

இருவரும் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.